வெள்ளை லாவெண்டர்: திருநெல்வேலிச் சீமையில் வளர்க்கும் முறை

நம் பக்கத்தில் லாவெண்டர் வாங்கி வைத்தவர்களில் பாதிப்பேர், வெயில் தாங்காமல் செடி செத்துவிட்டது என்பார்கள். எந்த மாதத்தில் செத்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஐப்பசி, இல்லாவிட்டால் கார்த்திகை. அக்கினி நட்சத்திரத்தைத் தாண்டி நின்ற செடி, அடைமழையில் பத்தே நாளில் அடியிலிருந்து கறுத்துப் போகும். வேர் நனைந்தபடி நிற்பதுதான் இதற்கு எமன்.

இது மத்திய தரைக்கடல் ஓரத்துக் கல்லுச் சரிவுகளில் வளர்ந்த செடி. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும். மழை பெய்யும்போது மண் சில்லென்று இருப்பதால் வேரை அழுக வைக்கும் பூஞ்சைக்கு வேகம் இருக்காது. நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது ராத்திரியில்கூட 23, 24 டிகிரி. ஈரமும் வெதுவெதுப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கீழே சொல்லும் மண் கலவை, தொட்டி, இடம் எல்லாமே இந்த ஒரு ஆபத்தை வைத்து முடிவு செய்தவை.

எந்த வகை

வெள்ளைப் பூ என்று கேட்டால் கடைக்காரர் மூன்று விதமான செடிகளைக் காட்டக்கூடும். மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது அங்குஸ்டிஃபோலியா, அதாவது இங்கிலிஷ் லாவெண்டர். 'நானா ஆல்பா', 'ஆர்க்டிக் ஸ்னோ' எல்லாம் இதன் வெள்ளை வகைகள். நானா ஆல்பா ஓரடி உயரத்துக்குள் அடங்கும். வாசனையில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பூ எடுக்க இதற்குச் சில வாரங்களாவது நல்ல குளிர் வேண்டும், நீண்ட பகலும் வேண்டும். நம் ஊரில் வருடத்திலேயே நீளமான பகல் பன்னிரண்டரை மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். குளிர் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாளையங்கோட்டையில் இது இலை விடும், மணக்கும், பூக்காமல் நிற்கும். மாஞ்சோலை மாதிரி மலை மேல் இருப்பவர்கள் வேண்டுமானால் முயற்சி செய்யலாம். அங்கேயும் மழைக்குக் கூரை இல்லாமல் முடியாது. சமவெளியில் இதற்குப் பணம் போடாதீர்கள்.

அங்குஸ்டிஃபோலியாவின் கலப்பினம் ஒன்று உண்டு, லாவண்டின் என்பார்கள். 'எடல்வைஸ்' என்ற வெள்ளை வகை அதைச் சேர்ந்தது. செடி பெரிதாக வரும், விதை பிடிக்காது. இதற்கும் சமவெளியில் பூ அரிது.

இரண்டாவது ஸ்டோயக்காஸ். பூங்கொத்து தடித்து, உச்சியில் முயல் காது மாதிரி இரண்டு மூன்று இதழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை வகையில் அந்தக் காதும் வெள்ளையாக இருக்கும். இதற்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. வாசனை கொஞ்சம் கற்பூரம் கலந்த மாதிரி வரும். சமையலுக்கு ஆகாது.

மூன்றாவது டென்டாட்டா. இலை ஓரம் ரம்பப் பல் போல வெட்டு வெட்டாக இருக்கும், அதை வைத்தே கண்டுகொள்ளலாம். வெப்பத்தையும் காற்று ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும், குளிருக்குக் காத்திருக்காமல் பூக்கும். இதன் வெள்ளைப் பூ வகை அபூர்வம். கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கிடைக்காவிட்டால் வெள்ளை ஸ்டோயக்காஸ். நெல்லை, நாங்குநேரி, சங்கரன்கோவில் பக்கத்துக்கு இந்த இரண்டும்தான்.

வாங்கும்போது இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வெள்ளை ஏஞ்சலோனியாவையும் வெள்ளை சால்வியாவையும் லாவெண்டர் என்று சொல்லி விற்பது உண்டு. தண்டைத் தடவிப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. லாவெண்டர் துளசி, தும்பை குடும்பம் என்பதால் இளந்தண்டு நாலு பட்டையாக இருக்கும், ஆனால் சால்வியாவும் அதே குடும்பம்தான். வாசனை மட்டும் பொய் சொல்லாது.

இன்னொன்று: பூத்திருக்கும் செடியையே வாங்குங்கள். வெள்ளை என்று எழுதியிருக்கும் விதைப் பாக்கெட்டை நம்ப வேண்டாம். வெள்ளைச் செடியின் விதை போட்டால் ஊதாவும் வரும், வெளிர் நிறமும் வரும். தாய்ச் செடியின் வெள்ளை அப்படியே வேண்டுமென்றால் குச்சி வைத்து, அதாவது கிளையை வெட்டி ஊன்றி எடுப்பதுதான் வழி.

தொட்டியா, தரையா

தொட்டிதான். தரையில் நடலாம் என்றால் தேரி மணல், செவல் இரண்டில் மட்டும், அதுவும் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி, செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டடி விட்டு. திசையன்விளைப் பக்கத் தேரியில் தண்ணீர் ஒரு நொடி நிற்காது, வேர் அழுகாது. ஆனால் அந்த மணல் எதையும் பிடித்து வைக்காது என்பதால் கோடையில் தினமும் பார்க்க வேண்டும். கரிசலிலும் ஆற்றோர வண்டலிலும் நடவே கூடாது. கரிசல் ஒரு மழையைக் குடித்தால் பத்து நாள் விடாது.

தொட்டி சுட்ட மண் தொட்டியாக இருக்கட்டும், வர்ணம் பூசாதது. காருக்குறிச்சிப் பக்கம் மண்பாண்டம் செய்பவர்களிடம் சொன்னால் அடியில் மூன்று துளை விட்டே செய்து தருவார்கள். ஒரு துளை போதாது. பன்னிரண்டு அங்குல வாய் ஒரு செடிக்குச் சரி. சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி என்று பதினெட்டு அங்குலத்தில் வைத்தால், வேர் போகாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக் தொட்டி பக்கவாட்டில் மூச்சு விடாது. வேறு வழியில்லை என்றால் பக்கத்திலும் அடியிலும் சூடு போட்டு இன்னும் ஏழெட்டு துளை விடுங்கள்.

மண் கலவை

பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு, இரண்டு லிட்டர் கொள்ளும் சட்டியால் அளந்தால்:

செவல் மண் 2 சட்டி
பருமணல் 2 சட்டி
செங்கல் பொடி, கடலைப் பருப்பு அளவு துண்டுகளாக, 2 சட்டி
ஒரு வருடமாவது மக்கிய மாட்டுச் சாணம் அரைச் சட்டி
இடித்த அடுப்புக் கரி அரைச் சட்டி

ஆற்று மணல் கிடைக்காது என்றால் எம்சாண்ட் போடலாம். ஆனால் அதைச் சலித்து, மாவு போன்ற தூசியை நீக்கி, இரண்டு தடவை அலசிவிட்டுப் போடுங்கள். அந்தத் தூசிதான் சிமென்ட் மாதிரி இறுகி வடிகாலை அடைக்கும். தென்னை நார்க் கழிவு வேண்டாம். மல்லிக்கும் ரோஜாவுக்கும் நல்லது, இதற்கு ஆகாது.

சுண்ணாம்பு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். லாவெண்டருக்குச் சுண்ணாம்பு பிடிக்கும் என்று படித்துவிட்டு ஒரு பிடி அள்ளிப் போடுகிறார்கள். அது அங்குஸ்டிஃபோலியாவுக்குப் பொருந்தும். ஸ்டோயக்காஸுக்குச் சுண்ணாம்பு ஆகாது. இலை நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சளாக வெளுத்துவிடும். தாழையூத்துப் பக்கம் மாதிரி சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணாக இருந்தால் அதை விட்டுவிட்டு வெளியிலிருந்து செவல் கொண்டுவருவது நல்லது.

அடியில் ஜல்லி பரப்பும் பழக்கத்தையும் விடுங்கள். ஜல்லிக்கு மேலே உள்ள மண், தான் முழுதும் நிறைந்த பிறகே தண்ணீரைக் கீழே விடும். அதனால் ஈர மண்டலம் மேலேறி வேருக்குப் பக்கத்தில் வரும். துளை மேல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும், கலவையை அடிவரை நிரப்புங்கள்.

நிரப்பியதும் ஒரு சோதனை. மண்ணை முழுக்க நனைத்துவிட்டு, மேலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் மேலே தேங்கியது மறைந்து அடியில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் கொட்டிவிட்டு இன்னும் ஒரு சட்டி செங்கல் பொடி கலந்து நிரப்புங்கள். இந்தச் சோம்பலில்தான் பல செடிகள் போகின்றன.

நடுவது

மழை ஓய்ந்து, மார்கழி பாதியிலிருந்து தை முடியும்வரை நடுவதற்கு ஏற்ற காலம். வேர் ஊன்ற இரண்டு மாதக் குளுமை கிடைக்கும். மலையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த செடியை உடனே வெயிலில் வைக்காதீர்கள். முதல் நாலு நாள் தார்சாவில் (தாழ்வாரத்தில்), அடுத்த ஆறு நாள் காலை வெயில் மட்டும், அதற்குப் பிறகு நிரந்தர இடம்.

நர்சரிச் செடிகள் பெரும்பாலும் நார்க் கழிவுக் கட்டியில் இருக்கும். அதை அப்படியே மணற்பாங்கான கலவையில் இறக்கினால் இரண்டு கேடு. மழையில் அந்தக் கட்டி மட்டும் பஞ்சு போல ஊறி நிற்கும். கோடையில் ஒருதரம் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றுவதெல்லாம் பக்கத்தில் வழிந்து போகும். ஆகவே வெளிப்புறக் கழிவை விரலால் மெல்ல உதிர்த்து, கால்வாசியாவது எடுத்துவிட்டு நடுங்கள். வேரைப் பிய்க்க வேண்டாம். தண்டு மண்ணைத் தொடும் இடம் பழைய மட்டத்தைவிட ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டும், கீழே புதையக் கூடாது. மேல் மண்ணில் இலைச் சருகு மூடாக்கு போடாதீர்கள். வெள்ளைக் கூழாங்கல் ஒரு அங்குலம் பரப்பினால் தண்டைச் சுற்றிக் காயும், கீழ் இலையில் மண் தெறிக்காது.

இடம்

ஆறு மணி நேர வெயில் குறையக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் முழு வெயிலும் தாங்கும். பங்குனி முதல் ஆவணி வரை பகல் ஒரு மணிக்கு மேல் நிழல் வேண்டும், வீட்டுக்குக் கிழக்கு ஓரம் இதற்கு அருமையான இடம். அது இல்லாதவர்கள் 35 சதவீத நிழல்வலை கட்டலாம். மொட்டை மாடித் தளம் சுடுகிற வேகத்தில் தொட்டி மண் வெந்துவிடும். தொட்டியை மூன்று செங்கல் துண்டின் மேல் தூக்கி வையுங்கள், வெளிப்பக்கம் சுண்ணாம்பால் வெள்ளையடித்துவிடுங்கள், வர்ணம் வேண்டாம். பூசும் சுண்ணாம்பு வெளியே இருப்பதால் செடிக்குத் தீங்கில்லை.

ஆடிக் காற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இலைகளுக்கு நடுவே காற்று ஓடுவது இந்தச் செடிக்கு மருந்து. கைப்பிடிச் சுவர் மேல் வைத்தால் தொட்டியோடு விழும், அதனால் கீழே இறக்கி வைத்தால் போதும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் மட்டும் காற்று ஒரே நாளில் தொட்டியைக் காய வைத்துவிடும். அங்கே ஒரு பக்கம் பனையோலைத் தட்டி வையுங்கள்.

மேற்கே தென்காசி, குற்றாலம், பாபநாசம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. கிழக்கே காய்கிற ஆனி, ஆடியில் அங்கே சாரல் விழும். கன மழையைவிட இந்தப் பொடிச் சாரல் மோசம், இலையின் வெள்ளைப் பூனைமயிரில் நாள் முழுக்க நீர் பிடித்து நிற்கும். அந்தப் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு முறை கூரைக்குள் எடுக்க வேண்டும், சாரலுக்கு ஒருமுறை, ஐப்பசிக்கு ஒருமுறை.

தண்ணீர்

நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பொதுவாகத் தை, மாசியில் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை, சித்திரை வைகாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் அல்லது தினமும், மழைக்காலத்தில் வாரம், பத்து நாள் ஊற்றாமலே போகும். காலையில், மண்ணில் மட்டும். செடியின் தலையில் ஊற்றுவது கூடாது.

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் இதற்கு அமிர்தம். ராதாபுரம், திசையன்விளை பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் முதலில் இலை நுனி கருகும், தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். வேறு தண்ணீர் இல்லை என்றால் மழைநீரைப் பிடித்து வைத்து, மாதம் ஒரு காலைப்பொழுது தொட்டிக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். நல்ல வெயிலடிக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று: செடி தலை தொங்கினால் தாகம் என்று அர்த்தமில்லை. வேர் அழுகினாலும் இதே மாதிரிதான் தொங்கும், ஏனென்றால் அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து செடி தொங்கினால் ஊற்றியதும் சில மணி நேரத்தில் நிமிரும். மண் ஈரமாக இருந்து செடி தொங்கினால் ஒரு சொட்டும் கூடாது. அப்போது ஊற்றும் ஒரு சொம்புத் தண்ணீர்தான் அதற்குக் கடைசித் தண்ணீர்.

உரம்

தை மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். வருடத்துக்கு அவ்வளவுதான். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் வாரா வாரம் கொடுத்தால் தண்டு கொழுகொழுவென்று நீண்டு சாயும், பூ வராது, மழையில் முதலில் அழுகுவதும் அந்தச் செடிதான்.

வெட்டுதல்

வெள்ளை வகைக்கு இதில் கூடுதல் வேலை உண்டு. ஊதாப் பூ வாடினாலும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை வாடினால் பழுப்பாகி, செடியே நோய்ப்பட்டது போலத் தெரியும். வாரம் ஒருமுறை வாடிய கொத்துகளைக் காம்போடு நறுக்கிவிடுங்கள். ஸ்டோயக்காஸ் இப்படி நறுக்க நறுக்க அடுத்த கொத்து விடும்.

பங்குனிக் கடைசியில் பூ ஓய்ந்ததும் பச்சைப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, குவிந்த கவிழ்த்த சட்டி போல வடிவம் கொடுங்கள். இலையில்லாத பழுப்புக் கட்டைத் தண்டில் கத்தரி வைக்கக் கூடாது. மல்லியைக் கவாத்து பண்ணுகிற மாதிரி அடிவரை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது. ஸ்டோயக்காஸை இன்னும் மிதமாக வெட்டுங்கள். புரட்டாசி முதல் வாரம், மழைக்கு முன், செடியின் உட்புறத்தில் நெருக்கிக்கொண்டிருக்கும் மெல்லிய தண்டுகளையும் மண்ணைத் தொடும் கீழ்க் கிளைகளையும் எடுத்துவிட்டால் காற்று புகும். ஐப்பசி, கார்த்திகையில் கத்தரியைத் தொட வேண்டாம். வெட்டு வாய் காயாது.

மழைக்காலம்

புரட்டாசி பாதியில் தொட்டிகளைக் கூரை ஓரத்துக்கோ, ஒளி விடும் பாலிதீன் தாள் போட்ட பந்தலுக்கோ மாற்றுங்கள். மேலே மட்டும் மறைப்பு, நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பக்கங்களையும் மூடினால் உள்ளே புழுங்கி, மழையில் விட்டதைவிடச் சீக்கிரம் அழுகும். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்துக்குக் கீழேயும் வாருகால் (சாக்கடை) ஓரத்திலும் வைக்காதீர்கள்.

அப்படியும் தண்டு அடியில் கறுத்துவிட்டால், பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. நேரத்தை மருந்தில் வீணாக்காமல், மேலே பச்சையாக இருக்கும் நுனிகளை உடனே குச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணை இன்னொரு லாவெண்டருக்குப் பயன்படுத்த வேண்டாம். பூவில் மட்டும் சாம்பல் நிறப் பூசணம் பிடித்திருந்தால் அது பனியாலும் ஈரத்தாலும் வருவது. அந்தக் கொத்தை வெட்டி எறிந்து, தொட்டிகளுக்கு இடையே இடைவெளி விட்டால் அடங்கும்.

பூச்சி என்று பெரிதாக இல்லை. கோடையில் செஞ்சிலந்தி இலையைப் பழுப்புப் புள்ளியாக்கும், கணுவில் மாவுப்பூச்சி ஒட்டும். தொட்டியில் எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி பின்னாலேயே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, கரைய ஒரு மில்லி சோப்புக் கரைசல், சாயங்காலம், வாரம் ஒருமுறை மூன்று வாரம். மழைக்காலத்தில் தெளித்தால் இலையில் பிசுக்கு நிற்கும், அப்போது பஞ்சில் துடைத்து எடுப்பதே மேல்.

குச்சி வைத்தல்

சமவெளியில் ஒரு செடி ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் அழகாக நிற்பது கஷ்டம். அதனால் ஒவ்வொரு தையிலும் நாலு குச்சியாவது போட்டு வையுங்கள்.

பூ இல்லாத, இளசும் முற்றலும் அல்லாத பக்கக் கிளையை மூன்று நாலு அங்குலம் எடுத்து, கீழ்ப் பாதி இலையை உருவிவிடுங்கள். முக்கால் பங்கு மணல், கால் பங்கு நார்க் கழிவு கலந்த சின்னத் தொட்டியில் ஓரத்தை ஒட்டி ஒன்றரை அங்குலம் ஊன்றுங்கள். நார்க் கழிவு இங்கே மட்டும் சேரலாம், வேர் விடும்வரை குச்சிக்குக் கொஞ்சம் ஈரம் தேவை. வேர்விடும் ஹார்மோன் பொடி தொட்டால் சீக்கிரம் பிடிக்கும், இல்லாமலும் பிடிக்கும். நிழலில், வெளிச்சத்தில் வையுங்கள். பாலிதீன் பையால் முழுக்க மூடிக் கட்டாதீர்கள், பூனைமயிர் இலை பூசணம் பிடித்துவிடும். மூன்று முதல் ஆறு வாரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடி தெரியும். வேர் விட்டதும் நுனியைக் கிள்ளி, நாலங்குலத் தொட்டிக்கு மாற்றி, கோடை முழுக்க அரை நிழலில் வைத்திருங்கள். வீட்டில் ஊதாச் செடியும் இருந்தால் குச்சித் தொட்டியில் பெயர் எழுதி ஒட்ட மறக்க வேண்டாம், பூக்கும்வரை இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்.

பூ பறித்தல்

கொத்தில் மூன்றில் ஒரு பங்கு மலர்ந்ததும், பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். இருபது முப்பது காம்பைப் பனை நாரால் தளரக் கட்டி, காற்றோட்டமான இருட்டு மச்சில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு வாரத்தில் காயும். வெயிலில் காய வைத்தால் வாசனை போய்விடும். காய்ந்த பூ தும்பைப் பூ வெள்ளையில் நிற்காது, தந்த நிறத்துக்கு வரும். அதைத் துணிப் பையில் கட்டிப் பட்டுச்சேலைக்கு நடுவே வைக்கலாம். மார்கழி ஈரத்தில் பை நமுத்துப் போனால் எடுத்து ஒருநாள் நிழலில் காற்றாட விட்டுத் திரும்ப வையுங்கள்.